ஒன்பது ரேடியோ, ஐந்து சேனல்: கரண்ட் போய் வந்தாலே நெட் விழுந்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

#1 தோப்புக்காற்று, கொழிஞ்சாம்பாறை

எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் தாலூகா கொழிஞ்சாம்பாறையில் கேபிள் தொழில் செய்கிறேன். ஃபைபர் இழுக்க முடியாத தோப்பு வீடுகளுக்கு ரேடியோ வழியாக நெட் கொடுக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று கம்பம் இருக்கிறது. ஒன்று ஊருக்குள் மாடி மேல், இன்னொன்று எருத்தேம்பதிப் பக்கம் ஒரு தோப்பில், மூன்றாவது வேலந்தாவளம் போகிற வழியில். கம்பத்துக்கு மூன்று செக்டர் ஆன்டெனா (ஒவ்வொன்றும் ஒரு திசையை மட்டும் பார்க்கும்) வீதம் மொத்தம் ஒன்பது ரேடியோ. எல்லாம் 5.8 கிகாஹெர்ட்ஸ். சேனல் 'ஆட்டோ'வில் இருக்கிறது. அகலம் 40 மெகாஹெர்ட்ஸ்.

பிரச்சினை இதுதான். கரண்ட் போய் வந்தால் வேகம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு ரேடியோவை அணைத்துப் போட்டால் அது சரியாகிறது, பக்கத்தில் இருப்பது கெட்டுவிடுகிறது. காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் அளவு ஏற்றியாக வேண்டும். நெட் நின்றால் கேனோடு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் காத்துக் கிடக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. இதற்குக் கணக்குப் போட்டுச் சேனல் பிரிக்கிற முறைகள் இருக்கிறதாமே? யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

#2 பழைய ஆர்எஃப், பாலக்காடு

தம்பி, கணக்குக்குப் போகும் முன் அகலத்தைப் பார்ப்போம். உங்கள் ரேடியோ அந்தப் பகுதியில் 149, 153, 157, 161, 165 என்று ஐந்து சேனல் காட்டும். ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ். 40 என்று வைத்தால் இரண்டிரண்டாகச் சேர்கிறது: 149-153 ஒன்று, 157-161 ஒன்று. 165 தனியாக நின்றுவிடும். ஆக உங்கள் கையில் இருப்பது இரண்டே சேனல்.

ஒரே கம்பத்தில் மூன்று செக்டர், எதற்கு எது எதிரி என்றால் மூன்றுமே ஒன்றுக்கொன்று எதிரி. இரண்டு சேனலை மூன்று பேருக்கு எப்படிப் பிரித்தாலும் இரண்டு பேர் ஒரே சேனலில் உட்கார வேண்டும். எந்த மென்பொருளாலும் இதை மாற்ற முடியாது. முதலில் எல்லாவற்றையும் 20-க்கு இறக்குங்கள். தனித்தனியாக ஸ்பீட் டெஸ்ட் போட்டால் எண் குறைவாகத்தான் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

#3 குப்பம் கணக்கு டீச்சர்

நான் குப்பத்தில் பாடம் எடுக்கிறேன். ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு மூன்றும் தொடுகிற ஊர். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் வந்து நிற்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு ரேடியோவையும் ஒரு புள்ளியாக வையுங்கள். ஒன்றையொன்று தொந்தரவு செய்யும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போடுங்கள். இப்போது புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும், கோட்டின் இரு முனையிலும் ஒரே நிறம் வரக்கூடாது. நிறம்தான் சேனல். கேட்க எளிது, ஆனால் குறைந்தது எத்தனை நிறம் போதும் என்று கண்டுபிடிப்பது பொதுவாகவே கடினமான கணக்கு. ரிச்சர்ட் கார்ப் 1972-ல் வெளியிட்ட 21 கடினமான கணக்குகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. வானொலி அலைவரிசைப் பங்கீட்டை இப்படி நிறந்தீட்டலாக முறைப்படுத்தி 1980-ல் ஹேல் எழுதிய கட்டுரையைத்தான் இந்தத் துறையில் இன்றும் பலர் தொடக்கமாகக் கொள்கிறார்கள்.

வரிசை எவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்ன உதாரணம். க, ச, ட, த என்று நான்கு கம்பம் ஒரே நேர்க்கோட்டில். பக்கத்துப் பக்கத்துக் கம்பம் மட்டும் எதிரி. க-வுக்கு முதல் சேனல், அடுத்து த-வுக்கும் முதல் சேனல் (இரண்டும் தூரம், தப்பில்லை). ச-வுக்கு இரண்டாவது. ட-வுக்கு வரும்போது ஒரு பக்கம் இரண்டாவது, மறு பக்கம் முதலாவது. மூன்றாவது சேனல் தேவைப்படுகிறது. க, ச, ட, த என்று நேராகப் போயிருந்தால் இரண்டே போதும்.

இதைத் தவிர்க்க 1979-ல் டேனியல் பிரெலாஸ் ஒரு வழி சொன்னார், டிசாட்டர் என்று பெயர். யாரைச் சுற்றி அதிக வகை நிறங்கள் ஏற்கெனவே வந்துவிட்டனவோ, அவருக்கு முதலில் கொடு. சாய்ஸ் குறைந்தவருக்கு முன்னுரிமை. பந்தியில் சர்க்கரைக்காரருக்கு முதலில் பார்த்துப் பரிமாறுவது மாதிரி. அந்த பிரெலாஸ் பிற்பாடு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துக்கு மேயராகவும் இருந்தார். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

#4 தோப்புக்காற்று

டீச்சர், புரிகிறது. ஆனால் 'ஆட்டோ' என்று வைத்தால் ரேடியோவே காலியான சேனலைத் தேடிக்கொள்ளும் என்றுதானே விற்றார்கள்? கரண்ட் வந்ததும் ஏன் இத்தனை குழப்பம்?

#5 தேயிலைக்காடு, மூணாறு

இதை நான் பட்டு அறிந்தவன், நான் சொல்கிறேன். எஸ்டேட் ஆபீசுக்கும் லயங்களுக்கும் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) ஆறு ரேடியோ வைத்திருக்கிறோம். கரண்ட் வந்தவுடன் எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும். ஒவ்வொன்றும் காது கொடுத்துக் கேட்கும். யாரும் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை, ஆகவே எல்லாச் சேனலும் காலி என்று தெரியும். எல்லாம் முதல் சேனலிலேயே போய் உட்காரும். ரேடியோ மேல் தப்பே இல்லை, அது கேட்ட நேரத்தில் நிஜமாகவே காலியாகத்தான் இருந்தது.

நான் செய்தது: முக்கியமான ரேடியோக்களை யுபிஎஸ்-இல் போட்டேன். மற்றவற்றை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு எழும்படி டைமர் வைத்தேன். அதுவே பாதி நோயைத் தீர்த்தது.

#6 குப்பம் கணக்கு டீச்சர்

அருமை. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரண்டு ரேடியோ ஒரே சேனலில் மோதிக்கொள்கின்றன. இரண்டுமே அதை உணர்ந்து இரண்டும் ஒரே நேரத்தில் அடுத்த சேனலுக்குத் தாவினால்? அங்கேயும் மோதல். திரும்பத் தாவும். குறுகலான வரப்பில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி நிற்பது போல.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நகரலாம் என்று விதி வைத்தால் இது நின்றுவிடும். காரணம் எளியது. இருவருக்கிடையே உள்ள தொந்தரவு இருபுறமும் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனக்குத் தொந்தரவு குறையும் இடத்துக்கு நகர்ந்தால், எவ்வளவு அவருக்குக் குறைந்ததோ அதே அளவு மற்றவர்களின் கூட்டுத்தொகையிலும் குறைகிறது. மொத்தத் தொந்தரவு ஒவ்வொரு நகர்விலும் இறங்கிக்கொண்டே போகும். இருக்கும் அமைப்புகளோ எண்ணிக்கையில் முடிவானவை. ஆகவே எங்காவது நின்றே தீரும். மிகச் சிறந்த இடத்தில்தான் நிற்கும் என்று உறுதி கிடையாது, ஆனால் நிற்கும்.

#7 பழைய ஆர்எஃப், பாலக்காடு

டீச்சரம்மா, இருபுறமும் சமம் என்பது களத்தில் கிடைப்பதில்லை. ஒன்று உயரத்தில், இன்னொன்று தாழ்வில். ஒன்றின் பவர் அதிகம். மாடி மேல் இருப்பது தோப்பில் இருப்பதை நசுக்கும், தோப்பில் இருப்பது மாடிக்குக் கேட்கவே கேட்காது. அப்போது அவரவர் நலனைப் பார்த்து நகர்ந்தால் சுற்றிச் சுற்றி வரும் நிலை உண்டாகலாம்.

#8 குப்பம் கணக்கு டீச்சர்

ஒத்துக்கொள்கிறேன் ஐயா, நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இரு திசைத் தொந்தரவையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் கோட்டின் எடையாக வைக்க வேண்டும். ரேடியோ தன் காதில் விழுவதை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், தான் அடுத்தவருக்குக் கொடுக்கும் தொல்லையையும் சேர்த்துப் பார்த்தால் முன் சொன்ன வாதம் மறுபடி செல்லும். அதற்கு எல்லா அளவும் ஓரிடத்துக்கு வர வேண்டும். அதாவது ரேடியோக்களைத் தனித்தனியே விடாமல், ஒரு கணினியில் கணக்குப் போட்டுச் சேனலைக் கையால் வைப்பது நல்லது.

#9 தேயிலைக்காடு, மூணாறு

அளவு எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மேப்பில் தூரம் பார்த்துக் கோடு போட்டுவிடாதீர்கள். இங்கே மலை. இரண்டு லயம் பறவை பறக்கும் தூரத்தில் மிகப் பக்கம், நடுவே ஒரு மேடு, ஒன்றுக்கொன்று சுத்தமாகக் கேட்காது, ஒரே சேனல் கொடுத்தேன். ஆனால் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் மிகவும் தள்ளியிருக்கும் ரேடியோ பளிச்சென்று கேட்கிறது. மேப்பைப் பார்த்துச் செய்தபோது எல்லாம் தலைகீழாகிவிட்டது.

நடுராத்திரி ஒரு ரேடியோவை மட்டும் பேசவிட்டு மற்ற எட்டிலும் எவ்வளவு கேட்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் அடுத்தது. ஒன்பது சுற்று. இன்னொன்று, கம்பத்தில் மட்டும் அளந்தால் போதாது, வீட்டில் இருக்கும் ரேடியோவிலும் அளக்க வேண்டும். வீட்டு ஆன்டெனா உங்கள் கம்பத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அதே நேர்க்கோட்டில் பின்னால் இன்னொரு கம்பம் அதே சேனலில் இருந்தால் இரண்டும் சேர்ந்து காதில் விழும். கம்பத்தில் ஏறி நிற்கும் உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

#10 தோப்புக்காற்று

இரண்டு ராத்திரி உட்கார்ந்து அளந்துவிட்டேன். 20-க்கு இறக்கியும் ஆயிற்று. ஒரு புதுச் செய்தி: வேலந்தாவளம் கம்பத்தில் கிழக்கே பார்க்கும் செக்டரில் 157-ல் பலமாக வேறு யாரோ இருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் நம்மைப் போல ஒருவர் என்று நினைக்கிறேன். ஒன்பது ரேடியோ, ஐந்து சேனல் என்றால் எத்தனை விதமாக வைக்கலாம்? கணினி தாங்குமா?

#11 குப்பம் கணக்கு டீச்சர்

ஐந்தை ஒன்பது முறை பெருக்குங்கள்: 19,53,125. சாதாரண லேப்டாப் எல்லாவற்றையும் பார்த்துவிடும், எந்தச் சாமர்த்தியமும் வேண்டாம். நாளைக்குப் பதினெட்டு ரேடியோ ஆனால் 3.8 லட்சம் கோடிக்கு மேல் போகும். அங்கேதான் மற்ற முறைகள் வருகின்றன. 1983-ல் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி மூவரும் சொன்ன சிமுலேட்டட் அனீலிங் அதில் ஒன்று. இரும்பைக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவது போல, ஆரம்பத்தில் மோசமான மாற்றங்களையும் சில நேரம் ஏற்றுக்கொண்டு, போகப் போகக் கண்டிப்பாவது. சின்னப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளாமல் பெரிய பள்ளத்தைத் தேடிப் போக இது உதவும். 1993-ல் இதையே செல்போன் சேனல் பங்கீட்டுக்கும் பயன்படுத்திக் காட்டினார்கள்.

#12 பழைய ஆர்எஃப், பாலக்காடு

டீச்சரம்மா சொன்ன 19 லட்சத்தை நான் இன்னும் குறைக்கிறேன். ஒரே கம்பத்தில் பக்கத்துப் பக்கத்துச் சேனல் வைத்தால் ஒன்றின் ஓரம் இன்னொன்றில் கசியும். ஆன்டெனாக்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன அல்லவா. ஆகவே நடுவில் ஒரு சேனலாவது விட வேண்டும். ஐந்தில் மூன்றை அப்படி எடுக்க ஒரே வழிதான்: 149, 157, 165. எந்தத் திசைக்கு எது என்பதுதான் மிச்சம். ஒரு கம்பத்துக்கு ஆறு விதம், மூன்று கம்பத்துக்கு 216. வேலந்தாவளம் கிழக்குச் செக்டருக்கு 157 ஆகாது என்றால் அந்தக் கம்பத்துக்கு நான்கு விதம்தான். ஆறு, ஆறு, நான்கு. மொத்தம் 144. பேப்பர் பேனாவே போதும்.

எங்கள் காலத்தில் இது சொகுசு. ஆரம்பத்தில் ஜிஎஸ்எம் செல்போன் கம்பெனிகளுக்குக் கிடைத்தது 4.4 மெகாஹெர்ட்ஸ். ஒரு கேரியருக்கு (டவர் பேசும் ஒரு அலைவரிசைத் துண்டு) 200 கிலோஹெர்ட்ஸ் போனால் 22 கேரியர். நான்கு டவருக்கு ஒருமுறை அதே அலைவரிசை திரும்ப வரும்படி வைத்தால் பன்னிரண்டு செக்டர், ஆளுக்கு இரண்டுகூட முழுசாக வராது. அப்படித் திரும்ப வரும் தூரம் டவர் வீச்சைப் போல மூன்றரை மடங்கு. ஏழு டவருக்கு ஒருமுறை என்றால் நான்கரை மடங்குக்குச் சற்று மேல்.

அந்த இரண்டாவது கேரியருக்காக நாங்கள் ஏன் அப்படிப் பாடுபட்டோம் என்றால், எர்லாங் 1917-ல் கொடுத்த சூத்திரம். நூறு அழைப்பில் இரண்டு மட்டும் தவறலாம் என்று வைத்தால், ஒரு கேரியரின் ஏழு பேச்சு வழி 2.94 எர்லாங் (சராசரியாக ஒரே நேரத்தில் நடக்கும் அழைப்புகளின் அளவு) தாங்கும். இரண்டு கேரியரின் பதினாலு வழி 8.2 தாங்கும். வழி இரட்டித்தால் தாங்கும் பாரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு கேரியரை எங்கே கூடுதலாக வைப்பது என்று ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

எல்லையில்தான் கஷ்டம் அதிகம். கேரளம் ஒரு சர்க்கிள் (தனி உரிமப் பகுதி), தமிழ்நாடு இன்னொரு சர்க்கிள். பாலக்காட்டுக் கணவாயில் மலை மறைப்பு இல்லை. அங்கே இருக்கும் டவர் இங்கே நன்றாகவே கேட்கும். கோபாலபுரத்தில் நின்று செல்போனைப் பார்த்தால் அது எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று மாற்றி மாற்றிச் சொல்லும். அந்தப் பக்கத்து எஞ்சினியரோடு போனில் பேசிப் பேசித்தான் ஆன்டெனாவைக் கீழே சாய்த்தோம். உங்கள் 157-க்கும் அதுதான் வழி. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அதனால் எனக்குத்தான் சொந்தம் என்று யாரும் சொல்ல முடியாது. போய்ப் பாருங்கள்.

#13 தோப்புக்காற்று

ஐயா, போனேன். அந்தப் பக்கம் ஒரு அண்ணன், கேபிள்காரர்தான். அவருக்கும் இதே தலைவலி, அவர் நம்மைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்தார். எல்லையைப் பார்க்கும் செக்டரில் அவர் 157, நான் 165 என்று பேசி முடித்தோம். இருவரும் எழுதி வைத்துக்கொண்டோம். மாற்றினால் முதல் நாள் சொல்லிவிட வேண்டும்.

144 விதத்தையும் என் மகளே கணினியில் போட்டுப் பார்த்தாள். முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் வித்தியாசம் மிகச் சின்னது. மூன்றாவதாக வந்ததை வைத்தேன், ஏனென்றால் அதில் பால் சொசைட்டி இருக்கும் செக்டருக்குத் தொந்தரவு மிகக் குறைவு. இது தப்பா?

#14 குப்பம் கணக்கு டீச்சர்

தப்பே இல்லை. எதைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இந்தக் கணக்கின் உயிர். மொத்தத்தைக் குறைப்பது ஒன்று, மிகவும் கஷ்டப்படுகிறவரின் கஷ்டத்தைக் குறைப்பது வேறு. 1998-ல் பிராங்க் கெல்லியும் அவருடன் எழுதியவர்களும் விகித நியாயம் என்று ஒரு நடுவழியைக் கணக்காகவே எழுதினார்கள். வேகத்தைக் கூட்டாமல் வேகத்தின் மடக்கையை (லாக்) கூட்டு. அப்படிச் செய்தால் கொஞ்சம் இருப்பவருக்குக் கொஞ்சம் கூடினாலும் அது பெரிதாக எண்ணப்படும். உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், விருப்பமிருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

#15 தேயிலைக்காடு, மூணாறு

அடுத்து பவரைக் கவனியுங்கள். எல்லோரும் முழு பவரில் வைப்பார்கள். சந்தையில் ஒருவர் கத்தினால் பக்கத்துக் கடைக்காரர் அதற்கு மேல் கத்துவார், கடைசியில் விலையே காதில் விழாது. 1993-ல் ஃபாஷினி, மில்ஜானிக் இருவரும் மிக எளிய விதி கொடுத்தார்கள். உனக்குத் தேவையான தரத்தை (இரைச்சலைவிட சிக்னல் எத்தனை மடங்கு என்பது) இப்போது கிடைக்கும் தரத்தால் வகு. வரும் எண்ணால் உன் பவரைப் பெருக்கு. டெசிபெல்லில் வகுத்தல் கழித்தலாகிவிடும்: 20 டெசிபெல் போதும், 26 கிடைக்கிறது என்றால் 6 டெசிபெல் குறை, அதாவது கால் பங்கு பவர். எல்லோரும் இதையே செய்தால், எல்லோருக்கும் போதுமான தரம் சாத்தியமாக இருக்கும் பட்சத்தில், யாரும் யாரையும் கேட்காமலே குறைந்தபட்ச பவரில் போய் நிற்கும். சாத்தியமில்லை என்றால் எல்லாம் ஏறி ஏறி உச்சத்தில் முட்டும். அப்படி முட்டினால் சேனல் பங்கீட்டில்தான் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். நான் இதைக் கையாலேயே வாரம் ஒருமுறை செய்கிறேன்.

#16 பழைய ஆர்எஃப், பாலக்காடு

நல்லது. ஆனால் அடிக்கடி மாற்றாதீர்கள். ஒவ்வொரு சேனல் மாற்றத்துக்கும் அந்தச் செக்டரில் எல்லா வீடும் ஒருமுறை அறுந்து சேரும். கொஞ்சூண்டு லாபத்துக்காக மாற்றினால், நாளைக்கே திரும்ப மாற்ற வேண்டி வரும். லாபம் கணிசமாக இருந்தால் மட்டும், அதுவும் ராத்திரி மூன்று மணிக்கு, ஒரு நேரத்தில் ஒன்று. பழசு என்ன என்று நோட்டில் எழுதாமல் எதையும் தொடாதீர்கள்.

#17 தோப்புக்காற்று

மூன்று வாரம் ஆயிற்று. நடுவில் நான்கு முறை கரண்ட் போய் வந்தது, ஒரு தடவைகூட விழவில்லை. ஸ்பீட் டெஸ்டில் உச்ச எண் முன்னைவிடக் குறைவுதான், ஆனால் சாயங்காலமும் அதே அளவில் நிற்கிறது. பவரை ஐந்து ரேடியோவில் குறைத்துவிட்டேன்.

ஒரே ஒரு செக்டர் மட்டும், எருத்தேம்பதிக் கம்பத்தின் தெற்குப் பக்கம், மதியத்துக்கு மேல் ஆடுகிறது. சேனலைச் சோதித்தேன், வேறு யாரும் இல்லை. காலையில் அருமையாக இருக்கிறது.

#18 தேயிலைக்காடு, மூணாறு

அங்கே இப்போது காற்று எப்படி? பாதையில் தென்னை இருக்கிறதா? வீடு எவ்வளவு தூரம்?

#19 தோப்புக்காற்று

இருக்கிறது அண்ணா. ஆடிக்காற்று, கணவாய்க் காற்று, மதியத்துக்கு மேல் தோப்பே சாய்கிறது. கடைசி வீடு மூன்று கிலோமீட்டர். மாடியிலிருந்து பார்த்தால் கம்பம் தெரிகிறது, மட்டை நடுவில் இல்லை, கொஞ்சம் கீழேதான்.

#20 பழைய ஆர்எஃப், பாலக்காடு

கண்ணுக்குத் தெரிந்தால் போதாது தம்பி. 5.8 கிகாஹெர்ட்ஸில் மூன்று கிலோமீட்டருக்கு நடுப்பாதையில் ஃப்ரெனல் வளையத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி அலை பரவிப் போகும் இடம்) ஆரம் ஆறு மீட்டருக்கு மேல். அதில் அறுபது சதவீதமாவது, ஏறக்குறைய நான்கு மீட்டர், நேர்க்கோட்டுக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும். காலையில் மட்டை அசையாமல் நிற்கும்போது தப்பிக்கிறீர்கள். காற்றில் அது எழும்பி எழும்பி அடங்கும்போது உள்ளே நுழைகிறது. இது சேனல் விவகாரமே இல்லை. கம்பத்தை உயர்த்துங்கள்.

#21 தோப்புக்காற்று

பக்கத்துத் தோப்புச் சேட்டனிடம் கேட்டேன், மட்டையை வெட்ட வேண்டாம், என் இடத்திலேயே உயரமாக ஒரு கம்பம் நட்டுக்கொள் என்றார். இருபது அடி பைப் சொல்லியிருக்கிறேன், ஸ்டே கம்பியும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், காற்று எழும்பும் முன்னால் ஏற்றிவிட்டு, மதியம் மூன்று மணி அளவை இங்கே போடுகிறேன்.